நாற்பத்தொன்றாம் ஆணி

நவம்பர் 4

தங்கச்சிக்கு,

அன்றைக்கு ஏரிக்கரையில் இருந்தவர்கள்: நான். என் மகள். மாப்பிள்ளை. அவர்கள் பெண் குட்டி. தகர வில்லை மாட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் நீ. விழாக் கமிட்டிச் செயலாளர் என்று சட்டையில் பட்டை குத்திக்கொண்டு உன் வீட்டுக்காரர். மணியடிக்கிற ரிட்டயர்டு டீச்சர். பறவை எண்ணுகிற மொட்டைத்தலை மனுஷன், நீங்கள் கழுகு என்று கூப்பிடுகிறவர். மதகு வீட்டில் மதகுக்காரன். மற்றதெல்லாம் வெளியூர்க் கூட்டம், ஐம்பது பேர் இருக்கும்.

நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். விசாரணை அதிகாரி எழுதிக் கேட்டிருக்கிறார், நடந்ததை நடந்தபடி எழுது என்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதியது. நகல் அனுப்புகிறேன், தப்பிருந்தால் சொல்.

"பறவை விழாவுக்கு வா வா என்று நாலு வருஷமாகத் தங்கை கூப்பிட்டாள். போனோம். தெருவுக்குத் தெரு காகிதப் பறவை கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் அட்டை மூக்கு மாட்டிக்கொண்டு ஓடின. நாலு மணிக்கு ஏரிக்குப் போனோம். பகலில் அங்கே தண்ணீர் வடிந்து சேற்றுத் திடலாகக் கிடக்கிறது. நாணல் ஓரம் வரைக்கும் நடக்க மரப்பாதை இருக்கிறது. இறங்குகிறவர்கள் பலகையிலிருந்து நம்பர் போட்ட தகர வில்லை ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், ஏறியதும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். முதல் மணி அடித்தால் எல்லாரும் கரையேற வேண்டும். அறுபது ஆணியும் நிறைந்த பிறகு என் தங்கை பச்சைத் துணியை ஆட்டுவாள். மதகு வீட்டுக்குத் திடல் தெரியாது, நாணல் மறைக்கும். துணி மட்டும் தெரியும். அதைப் பார்த்து மதகுக்காரன் கதவைத் தூக்குவான். தண்ணீர் பரவினதும் பறவைகள் இறங்கும். இரண்டாம் மணிக்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது.

முதல் மணிக்கு நாங்கள் திரும்பி நடந்தோம். என் மகள் எதையோ எடுக்க நாணல் ஓரத்துக்கு மறுபடி போனாள். நாங்கள் மூன்று பேர் ஏறி வில்லையை மாட்டினோம். அவள் பின்னாலேயே ஏறி வண்டிக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் வந்தது. பறவைகள் இறங்கின. ஆயிரக்கணக்கில் இறங்கும்போது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் தும்மினால் கேட்காது. அவள் கூப்பிட்டிருப்பாள். பாதையை விட்டு ஒரு அடி தள்ளிக் கால் வைத்திருக்கிறாள், தொடைவரை சேறு. கழுகு என்பவர்தான் பறவை பார்க்கிற குழாயில் பார்த்து, அங்கே ஒரு கை தெரிகிறது என்றார். அதையும் ரகசியம் போல மெல்லச் சொன்னார். விழா விதி."

இவ்வளவுதான் எழுதினேன். மதகுக்காரன் துணியைப் பார்த்துத்தான் திறந்தேன் என்கிறானாம். நீ காட்டவில்லைதானே? ஒரு வரி எழுதிப் போடு.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

அக்கா


நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் ஏதோ இருக்கிறோம். குளிர் வந்ததில் முட்டிவலி கூடிப்போச்சு. நீ நேரத்துக்குச் சாப்பிடு. குட்டி பள்ளிக்குப் போகிறாளா?

நீ எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. உன் ஞாபகத்தை யார் திருத்துவது. நாற்பத்தொன்றாம் ஆணி காலியாக இருந்தது, அதனால் துணி காட்டவில்லை என்று நான் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். நீயும் என் பக்கத்தில்தானே நின்றாய், அதை ஒரு வார்த்தை சேர்த்தால் நல்லது என்று இவர் சொல்கிறார். உனக்குச் சரி என்று பட்டால் எழுது.

பறவைகள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. சாயங்காலம் நாலு மணிக்கே ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். கம்பளிச் சட்டை ஒன்று பின்னுகிறேன், குட்டிக்கு. கையளவு தெரியவில்லை, அனுப்பு.

அன்புடன்,
தங்கை


டிசம்பர் 3

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. உடம்பு நடமாடுகிறது. அதற்கு மேல் கேட்காதே.

நான் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். ஆணி காலி என்று நான் பார்க்கவில்லை, அதனால் அதை எழுதவில்லை. துணி ஆட்டியதையும் நான் பார்க்கவில்லை, அதை எழுதினேன். கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: என் தங்கை பொய் சொல்கிறவள் இல்லை. போதும்தானே.

மதகுக்காரனிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பிரிக்கவில்லை. உறையின் மேலேயே "வேண்டாம்" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். என் பிள்ளை இறந்ததற்கு அவன் என்ன சமாதானம் சொல்லுவான். அவன் கை விளங்காமல் போகட்டும். அவன் வீட்டில் அடுப்புப் புகையாமல் போகட்டும். நீ இங்கே இருந்த மூன்று வாரமும் இதைத்தானே சொன்னேன், இன்னும் சொல்லி முடியவில்லை.

மாப்பிள்ளை வேலைக்குப் போகிறார், வருகிறார், அவள் தலையணையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறார். குட்டி பேச்சு குறைந்துபோனாள். சுவரைப் பார்த்து எண்ணுகிறாள், ஒன்றிலிருந்து அறுபது வரைக்கும். ஆசிரியை கெட்டிக்காரி என்கிறாள்.

கையளவு இரண்டு சாண்.

அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எனக்குக் காய்ச்சல். இப்போது தேவலை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

விசாரணை முடிந்தது. பள்ளிக்கூட ஹாலில் வைத்தார்கள். அதிகாரி மதகுக்காரரைக் கேட்டார், "துணியைப் பார்த்தீங்களா?" என்று. "பார்த்தேன்யா. பச்சை. ரெண்டு தடவை ஆடுச்சு." "அந்தம்மா காட்டலைன்னு சொல்றாங்களே?" அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார், அக்கா. அப்புறம், "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். பத்தொம்பது வருஷமா பாக்குற துணி. இல்லாமலே இருந்த மாதிரி தெரிஞ்சிருச்சோ என்னமோ, என் கண்ணுதான்…" என்றார். அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

வேலை போய்விட்டது. மதகு வீட்டைக் காலி பண்ண ஒரு வாரம் கொடுத்தார்கள். அவர் மனைவி கொடிக்கயிற்றைக்கூட அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

இனி அவரைப் பற்றி எழுதாதே அக்கா. முடிந்தது முடிந்ததாக இருக்கட்டும்.

தங்கை


பிப்ரவரி 2

தங்கச்சிக்கு,

உன் காய்ச்சல் விட்டதா? மிளகைத் தட்டிப் போட்டு வெந்நீர் குடி.

கண்ணு என்றானா. என் பிள்ளையை மூழ்கடித்துவிட்டுக் கண்ணு என்றானா. வேலை போனது போதாது. உனக்கு என்னைத் தெரியும். பஸ்ஸில் என் காலை மிதித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போன கண்டக்டரை இருபது வருஷம் கழித்து மளிகைக் கடையில் பார்த்து, அவன் வைத்த வணக்கத்தை வாங்காமல் வந்தவள் நான். கால் விரலுக்கே அப்படி. இது பெற்ற பிள்ளை.

உங்கள் ஊர் உப்புக் கிடங்கில் அவன் காவல் வேலை கேட்டிருப்பதாக உன் வீட்டுக்காரர் போனில் மாப்பிள்ளையிடம் சொன்னாராம். கிடங்கு முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். கதவைத் திறக்கத் தெரியாதவன் கையில் சாவி கொடுக்காதீர்கள் என்று. என் மகள் போட்டோவையும் உள்ளே வைத்தேன்.

கம்பளி வந்தது. குட்டிக்குச் சரியாக இருக்கிறது. பச்சை நிறம் ஏன் எடுத்தாய்? போட மாட்டேன் என்கிறாள்.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

நலம்தான். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

கிடங்கில் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. வேறு எங்கேயும் கொடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் கரைக்கு வந்து நிற்கிறார். வில்லைப் பலகை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். இருட்டியதும் போய்விடுகிறார். நான் காய்கறிக்குச் சுற்றுவழியில் போகிறேன்.

போதும் அக்கா. இனி யாருக்கும் கடிதம் எழுதாதே. நீ இப்படியே ஆடினால் எல்லாவற்றையும் கிளறுவார்கள். அவள் ஏன் திரும்பிப் போனாள் என்று கேட்பார்கள். அந்த மடக்கு ஸ்டூலை எடுத்துவர அவளை அனுப்பியது யார் என்று நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்த பிறகும் இருக்கிறேன்.

நீ யாரிடமும் சொல்ல வேண்டாம். அதிகாரிக்கு நான் அனுப்பியதில் அந்த வரி இருக்கிறது: நான் உட்கார்ந்த ஸ்டூலை மறந்து வைத்துவிட்டேன், அதை எடுக்க என் மகளை நான்தான் அனுப்பினேன். உனக்கு அனுப்பிய நகலில் மட்டும் அதை விட்டேன். உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. நீ பார்த்திருப்பாய் என்று தெரியாது.

மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன். நாலு நாள் என் முகம் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள், "சாப்பிடுங்கத்தே" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். என் வாய்க்கு எதற்கு இப்படி ஒரு மூடி போட்டாய்? கிளறினால் உனக்கு என்ன?

அக்கா


ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் அறிய ஆசை. மூன்று மாதமாக எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

மதகுக்காரர் இறந்துபோனார். போன செவ்வாய்க்கிழமை காலையில் மதகுக்குக் கீழே கிடந்தார். விழுந்தாரா, இறங்கினாரா என்று யாருக்கும் தெரியவில்லை. செருப்பு இரண்டும் கரையில் ஜோடியாக இருந்தன. அவர் மனைவி ரயில் ஏறித் தன் தங்கை ஊருக்குப் போய்விட்டாள்.

உனக்கு இனி நிம்மதியாக இருக்கும் என்று இவர் சொல்கிறார்.

இந்த வருஷ விழாவை நம் பெண் ஞாபகமாக வைக்கக் கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. அவள் போட்டோவைப் பெரிதாக்கி வைப்பார்களாம். நல்ல படமாக ஒன்று அனுப்பச் சொன்னார்கள். நீ வந்தால் முன்வரிசையில் இடம் போடுவார்கள். வரவேண்டாம் என்றாலும் சரிதான்.

தங்கை


ஆகஸ்ட் 11

தங்கச்சிக்கு,

என் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் இல்லை.

அவர் செத்தார் என்று படித்ததும் நிம்மதி வருகிறதா என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. செருப்பு ஜோடியாக இருந்தது என்று எழுதியிருந்தாயே, அதுதான் வந்தது.

போன வாரம் போலீஸிலிருந்து பார்சல் வந்தது, வழக்கு முடிந்துபோனதால். அவள் சீப்பு, கைக்குட்டை, ஒரு தகர வில்லை. நாற்பத்தொன்று. மேஜைமேல் வைத்தேன். குட்டி வந்து கையில் எடுத்தாள்.

"இது அம்மாவோடது பாட்டி. நீ முப்பத்தெட்டு, அப்பா முப்பத்தொம்பது, நான் நாப்பது."

"ஆமா கண்ணு."

"ஆனா அம்மா ஆணியில வேற ஒண்ணு தொங்குச்சு. அதுல நம்பரே இல்ல. நான் சொன்னேன். நீ வாய மூடுன்ன."

சொன்னாள். இரண்டாம் மணி அடித்திருந்தது, பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தாள், பாட்டி இதுக்கு மட்டும் நம்பர் இல்ல என்றாள். உஸ் என்று அவள் உதட்டில் விரலை வைத்தேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் காகிதம் இல்லாமல் அடையாளம் பார்த்துத் துணி பிரித்தவள் நான். ஒரு தலையணை உறை வார்டு மாறிப் போனதில்லை. எனக்கு இது மறந்துபோகவில்லை தங்கச்சி. நான் காதிலேயே வாங்கவில்லை.

இப்போது அன்றைய மத்தியானச் சாப்பாடும் ஞாபகம் வருகிறது. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "வருஷா வருஷம் நாலஞ்சு பேரு வில்லையை ஞாபகார்த்தம்னு தூக்கிட்டுப் போயிடுறாங்கக்கா. ஒவ்வொண்ணா தேடிட்டு இருந்தா பறவை வந்த வழியே போயிடும். அதான் பையில வெத்து வில்லை வெச்சிருக்கேன், மாட்டிட்டு வேலையப் பாத்துக்கிட்டு இருப்பேன்." உன் வீட்டுக்காரர், "இவ இல்லேன்னா விழாவே இல்ல" என்றார். என் மகளும் சிரித்தாள்.

நேராகக் கேட்கிறேன். அந்த ஆணி காலியாக இருந்ததா?

அக்கா


செப்டம்பர் 8

தங்கச்சிக்கு,

நான்கு வாரம் ஆச்சு. தபால் உன் ஊருக்கு மூன்று நாளில் வரும். கேட்டதையே கேட்கிறேன். ஆணி காலியாக இருந்ததா?

அக்கா


செப்டம்பர் 27

அக்கா,

காலியாக இல்லை.

முதல் மணிக்கு அப்புறம் ஐந்து ஆணி காலி. நாலு பேர் ஓடிவந்து மாட்டினார்கள். ஒன்று பாக்கி. வானத்தில் முதல் கூட்டம் வந்துவிட்டது. இவர் ஓடிவந்து, "என்ன நிக்கிற, மாட்டு" என்றார். கீழே ஒரு தடவை பார்த்தேன், மரப்பாதையில் யாரும் தெரியவில்லை. எவனோ ஜேபியில் போட்டுக்கொண்டான் என்று நினைத்தேன். வெற்று வில்லையை மாட்டினேன். துணியை இரண்டு தடவை ஆட்டினேன். அது யாருடைய நம்பர் என்று பார்க்கவில்லை அக்கா. பார்த்திருந்தால் என் பிள்ளை மாதிரி வளர்ந்தவளை விடுவேனா.

அவளைத் தூக்கி வந்தபோது எல்லாரும் அங்கே ஓடினீர்கள். இவர் மட்டும் என் பக்கத்தில் வந்து, "அதைக் கழட்டு" என்றார். கழற்றிப் பையில் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். மற்றதெல்லாம் தானாக ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. விழா நின்றுவிடும், என்னை உள்ளே போடுவார்கள், மதகுக்காரருக்கு ஒரு இடமாற்றம் கொடுத்து முடித்துவிடுவார்கள் என்று இவர் சொன்னார். நம்பினேன்.

உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் அந்த மூன்று வாரமும் இருந்தேன். நீ அவரைத் திட்ட ஆரம்பிப்பாய். நீ அப்படித் திட்டும்போது உன் முகத்தில் உயிர் இருந்தது. அதையும் எடுத்துவிட்டால் நீ போய்விடுவாய் என்று பயந்தேன். இது சாக்கு என்று நீ சொல்லுவாய். சொல்.

அவர் பள்ளிக்கூட ஹாலில் என்னைத் திரும்பிப் பார்த்தார் என்று எழுதினேன். ஒரு விஷயம் விட்டுவிட்டேன். வெளியே வரும்போது வாசலில் நின்று, "மன்னிச்சிருங்கம்மா, உங்க வீட்டுப் பொண்ணு" என்றார். நான் தலையாட்டினேன்.

தங்கை


அக்டோபர் 9

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. இதற்கு நீ பதில் போட வேண்டாம், அதனால் நலம் கேட்கவில்லை.

உன் கடிதத்தை அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு மதகுக்காரர் மனைவி இருக்கிற ஊருக்குப் போனேன். ஒரு பழக் கிடங்கில் பெட்டிக்கு ஆணி அடிக்கிறாள். சுத்தியலைக் கீழே வைக்காமலே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். "கடைசி வரைக்கும் அவர் கண்ணைத்தான் திட்டுனாரு. தெனமும் கரைக்குப் போயி, இங்கேருந்து பச்சை தெரியுதா தெரியுதான்னு பாத்துட்டு வருவாரு" என்றாள். அப்புறம், "உப்புக் கிடங்குக்கு எழுதுனது நீங்கதானே" என்றாள். ஆமாம் என்றேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்தேன்.

போட்டோ அனுப்ப மாட்டேன். இன்னும் நாலு நாளில் உங்கள் விழாவில் அவளுக்காக எல்லாரும் பேசாமல் நிற்பீர்கள் என்று உன் வீட்டுக்காரர் போனில் சொன்னார். நன்றாக நில்லுங்கள், உங்களுக்குப் பழக்கம்தானே.

வழியெல்லாம் ரயிலில் ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தேன். கழுகு மெல்லச் சொன்னதற்கு அவரை விட்டுவிட்டேன், கத்தியிருந்தாலும் நேரம் கடந்திருந்தது. டீச்சர் மணி அடித்தாள், அது அவள் வேலை. உன் வீட்டுக்காரர் பட்டைக்கு ஆசைப்பட்ட மனுஷன், அவரைப் பற்றி நினைக்கவே எனக்கு நேரம் இல்லை. ஸ்டூலுக்கு அனுப்பியவள், பிள்ளை வாயை மூடியவள், ஒரு மனுஷன் வயிற்றில் அடித்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவளை மன்னிப்பது பெட்டி அடிக்கிறவள் கையில் இருக்கிறது, என் கையில் இல்லை.

வில்லையை மாட்டினாய், அது அவசரம். அதை ஒருநாள் நான் விட்டிருப்பேன். ஆனால் மூன்று வாரம் என் பாயில் என் பக்கத்தில் படுத்தாய். அவர் கை விளங்காமல் போகட்டும் என்று நான் சொல்லச் சொல்ல என் முதுகைத் தடவினாய். "ஆமாக்கா" என்றாய். குற்றம் இல்லாத மனுஷன்மேல் என் வாயை ஏவிவிட்டு, அது கடிக்கக் கடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாய். அவர் அனுப்பிய கடிதத்தில் என்ன எழுதியிருந்தார் என்று இனி எனக்கு எந்த ஜென்மத்திலும் தெரியாது.

எனக்கு வயசு அறுபத்தொன்பது. எது மறந்தாலும் இது மறக்காது. அன்றைக்குக் கரையில் இருந்த அத்தனை பேரிலும் நான் மன்னிக்காமல் சாகப்போவது ஒருத்தியை. அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது என் இடுப்பிலேயே வளர்ந்தவள். என் தங்கை.